பெயரும் பொருளும்: இணையத்தில் மன்னார்

மன்னார் என்பது ஒரு சொல். அச்சொல் குறிக்கும் பொருளோ ஒன்றன்று. தலைமன்னார் வரை நீண்டு கிடக்கும் தீவு மன்னார். அத்தீவின் தென்கிழக்கு முனையில், 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை அடுத்துள்ள நகரமும் மன்னார். தீவுக்கு அப்பால் மாந்தை, நானாட்டான், மடு, முசலி எனப் பெருநிலத்திற் பரந்துள்ள மாவட்டத்துக்கும் அதுவே பெயர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தினின்று பிரிந்து தனித்தமைந்த கத்தோலிக்க மறைமாவட்டம் மன்னார் மறைமாவட்டம் எனப்படுகின்றது. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாய்க் கிடக்கும் கடலை மன்னார் வளைகுடா என்கின்றோம். “திருவிழாவுக்கு மன்னாரே திரண்டு வந்தது” என்று ஒருவர் சொன்னால், வந்தது தீவும் அன்று, கோட்டையும் அன்று, மக்களே என்பதைக் கேட்பவர் நொடியில் உணர்ந்துகொள்வர். இதனை இடவாகுபெயர் என்று இலக்கணம் கூறும்.

கணினிக்கு ஆகுபெயர் தெரியாது. அதற்குத் தெரிவது எழுத்தின் வரிசை. மன்னார் என்ற பெயரை ஆங்கில எழுத்திற் கொடுத்து இணையத்திலே தேடினால், வெண்கல வேலைக்குப் பெயர்பெற்ற கேரளத்து ஆலப்புழை மாவட்டத்து ஊரொன்றும் அதே எழுத்துக்களோடு வந்து நிற்கும். சூழலைக் கொண்டு ஊகித்தறியும் ஆற்றல் இன்றைய தேடுபொறிகளுக்கு ஓரளவு உண்டு. ஆயினும் ஊகம் வேறு, அறிவு வேறு. மன்னார்த் தீவின் பரப்பையும் மாவட்டத்தின் மக்கள்தொகையையும் ஒரே பொருளின் இரு பண்புகள் என்று மயங்கிய பட்டியல் பிழையான பட்டியலேயாகும். அதனை ஆயிரம் பேர் எடுத்தாண்டால் பிழை ஆயிரமாகப் பெருகும்.

இணையம் தோன்றிய வரலாற்றிலேயே இக்குறைக்கு வேர் இருக்கின்றது. 1989ஆம் ஆண்டு ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பேர்ணர்ஸ் லீ என்பவர் தம் திட்டத்தை முன்மொழிந்தபோது ஒரு படத்தையும் வரைந்தார். அப்படத்திலே பொருள்களை இணைத்த அம்புக்குறிகளுக்குப் பெயர் இருந்தது. ஓர் அம்பு “விவரிக்கின்றது” என்றது. மற்றோர் அம்பு “உள்ளடக்குகின்றது” என்றது. உலகெங்கும் பரவிய இணையத்திலோ அம்புகள் மட்டும் எஞ்சின, பெயர்கள் உதிர்ந்துபோயின. ஓர் ஏட்டிலிருந்து இன்னோர் ஏட்டுக்குப் போகலாம் என்பது தெரியும். எதற்காகப் போகின்றோம் என்பது தெரியாது. உதிர்ந்த பெயர்களை மீட்பதற்கான முயற்சி 1999ஆம் ஆண்டு ஒரு பொது விதியாக வடிவுபெற்றது. எந்தச் செய்தியையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற மூன்று உறுப்புடைய சிறு வாக்கியமாக எழுத வேண்டும் என்பதே அவ்விதி. பள்ளிச் சிறுவரும் அறிந்த வாக்கிய அமைப்பு கணினிக்குப் பாடமாயிற்று.

ஆனால், வாக்கியம் எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எவை எவை பொருள்கள், எவை அவற்றின் பண்புகள், எவை அவற்றுக்கிடையேயுள்ள தொடர்புகள் என்பதை முதலிலே முடிவு செய்தல் வேண்டும். வீடு கட்டுவோர் கல்லும் மண்ணும் வாங்குமுன் நிலத்திலே கயிறு கட்டி அறைகளை வகுப்பது போன்றது இது. தரவின் கருத்துரு மாதிரி என்று இதனை இக்காலத்தார் வழங்குவர். பீற்றர் சென் என்ற அறிஞர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையே இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தது. பெயர்ச்சொல்லாற் குறிப்பன பெரும்பாலும் பொருள்களாகவும், வினைச்சொல்லாற் குறிப்பன தொடர்புகளாகவும் அமையும் என்று அவர் பின்னர் விளக்கினார்.

தமிழ் படித்தோருக்கு இது முற்றும் புதிய செய்தியன்று. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பெயர்ச்சொல்லை ஆறாக வகுத்தார் நன்னூலார். சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட கோலன் பகுப்பு முறையோ, பின்னர் வளர்ந்த நிலையில், எந்த நூலின் பொருளையும் தனித்தன்மை, மூலப்பொருள், செயல், இடம், காலம் என்ற ஐந்து கூறுகளாகப் பிரித்துக் காண்கின்றது. நன்னூலாரின் ஆறும் இரங்கநாதனின் ஐந்தும் ஒன்றே என்று வலிந்து பொருத்துவது முறையன்று. இரண்டும் ஒரே வினாவுக்கு விடை தேடியவை என்பதில் மட்டும் ஐயமில்லை.

மன்னார்க் கரையை எடுத்துக்கொண்டால் இவ்வினா எத்துணைக் கடினமானது என்பது விளங்கும். திருக்கேதீச்சரம் அமைந்த பழந்துறையை நோக்குவோம். பாளி நூல்கள் அதனை மகாதித்த என்கின்றன. சம்பந்தரும் சுந்தரரும் மாதோட்டம் என்று பாடினர். கொழும்பு அரும்பொருட்காட்சியகத்திலுள்ள சோழர் காலக் கல்வெட்டொன்று அதனை மாதோட்டமான இராசராசபுரம் என்று குறிக்கின்றது. ஒல்லாந்தர் ஏடுகளில் அது மாந்தோட்டை என்ற ஒலியில் வரும். இன்று மாந்தை. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழாய்வு நடந்தபோது வெளிவந்த அறிக்கைகள் மாந்தை என்ற பெயரையே தாங்கின. பெயரை ஊருக்குரிய ஒரே பண்பாகக் கொண்டு அட்டவணை வரைபவர் இங்கே இடறிவிழுவார். ஒரு கட்டத்தில் ஒரு பெயரைத்தானே எழுதலாம்? மற்றவற்றை எழுத இடமின்மையால் ஐந்து ஊர்களைப் படைத்துவிடுவார்.

தேர்ந்தவர் செய்வது வேறு. ஊர் ஒரு பொருள். பெயர் வேறொரு பொருள். இன்ன மொழியில், இன்ன காலத்தில், இன்ன சான்றின்படி, இப்பெயர் இவ்வூருக்கு வழங்கியது என்பது அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு. இவ்வாறு வகுத்தவுடன் இராசராசபுரம் என்று தேடுபவருக்கும் மகாதித்த என்று தேடுபவருக்கும் ஒரே மண் கிடைக்கின்றது. 2012ஆம் ஆண்டு தொடங்கிய விக்கித்தரவு என்னும் பொதுக் களஞ்சியம் இம்முறையிலேயே அமைந்தது. அங்கே தீவுக்கும் நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி எண் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் தொடக்க ஆண்டு, முடிவாண்டு, சான்று ஆகியவற்றைச் சேர்த்தெழுதவும் வழியுண்டு. ஈழத்துத் தமிழ் ஏடுகளை 2005ஆம் ஆண்டு முதல் தொகுத்துவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் மன்னார் பற்றிய மலர்களும் நூல்களும் சேர்ந்துள்ளன. அந்த ஏடுகளிலுள்ள செய்திகளும் இந்த எண்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதே அடுத்த படி.

சான்றைச் சேர்த்தெழுத வேண்டிய தேவைக்கு அரிப்புக் கரையிலுள்ள இடிந்த மாளிகையைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடையாது. ஆங்கில ஆள்பதியாகிய பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்கும்பொருட்டு 1801ஆம் ஆண்டு தொடங்கி அங்கே ஒரு மாளிகை கட்டுவித்தார். டொரிக் என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர். கடல் அதனை ஆண்டுதோறும் அரித்து விழுங்கி வருகின்றது. ஊரார் வழக்கிலோ அது அல்லிராணிக் கோட்டை. முத்துக்கு உரியவளாய் ஆண்ட அல்லியின் கதை அக்கரையிலே அம்மண்டபத்தோடு ஒட்டிக்கொண்டது. கணினி ஏட்டில் கட்டியவர் என்ற கட்டத்திலே எதை எழுதுவது? நோர்த் என்று எழுதி, அல்லியைக் கதையென்று அழித்துவிடுவார் சிலர். கதையையே வரலாறாக எழுதிவைப்பார் வேறு சிலர். கட்டடம் ஒரு பொருள், அதைப் பற்றிய கூற்று மற்றொரு பொருள் என்று பிரித்துவிட்டால் இச்சண்டைக்கு இடமில்லை. அரசாங்க ஏடு சொல்வது ஒரு கூற்று. ஊரார் சொல்வது மற்றொன்று. எது எத்தகைய சான்றின்மேல் நிற்கின்றது என்பதும் உடன் பதிவாகும். மக்கள் ஒரு மண்டபத்தை எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதும் வரலாறுதானே.

இனி முத்தைப் பார்ப்போம். இக்கரைக்கு உலகப் புகழ் தந்தது முத்துச் சலாபம். சலாபம் என்பது இடமா, பொருளா, காலமா? சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரைக் கண்டு அதனை இடமென்பார் உளர். மரிச்சுக்கட்டியிலே 1905ஆம் ஆண்டு பல்லாயிரம் மக்கள் கூடிய ஓலைக்குடில் நகரத்தின் படங்கள் பழைய நூல்களிலே காணப்படுகின்றன. கடைத்தெருவும் காவல் நிலையமும் நீதிமன்றமும் மருத்துவசாலையும் கொண்ட நகரம் அது. சில கிழமைகளில் எழுந்தது. சலாபம் முடிந்ததும் மணலாயிற்று. அதனை ஊர் என்று எழுதினால் பிழை, எழுதாதுவிட்டாலும் பிழை. நன்னூலார் சொற்படி சலாபம் தொழிற்பெயர் வகையைச் சேர்ந்தது. இக்காலத்து அருங்காட்சியக வல்லுநர் வகுத்து 2006ஆம் ஆண்டு உலகத் தர விதியாக ஏற்கப்பட்ட மாதிரியும் நிகழ்ச்சியையே நடுவில் வைக்கின்றது. மனிதர், இடம், காலம், பொருள் ஆகியவை நிகழ்ச்சி என்ற முளையிலே வந்து கட்டுண்கின்றன. 1905ஆம் ஆண்டுச் சலாபம் ஒரு நிகழ்ச்சி. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அதன் விளைவு. அரசாங்கத்துக்குச் சேர்ந்த ஏறக்குறைய 25 லட்சம் ரூபா அதன் வருவாய். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் வந்த குளியாளர் அதிற் பங்குகொண்டோர். கொட்டு எனப்பட்ட அடைப்புக்குள் சிப்பியைக் குவித்து, மூன்றிலொரு பங்கு குளியாளருக்கும் இரு பங்கு அரசுக்கும் என்று பிரித்தனர். அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலமிட்டனர். அவை அந்நிகழ்ச்சியின் உட்கூறுகள். இத்தனையையும் மரிச்சுக்கட்டி என்ற ஊர்ப்பெயரின் கீழே கொட்டிவைத்தால், அடுத்த சலாபத்தோடு ஒப்பிட வழியில்லாமற் போகும்.

முத்து வணிகர் இத்துறையிலே எவருக்கும் இளைத்தவரல்லர். பித்தளைச் சல்லடைத் தட்டுக்கள் பத்து அவர்களிடம் இருந்தன. 20 துளையுள்ள தட்டில் தங்கியது பெருமுத்து. பின்பு 30, 50, 80, 100 என ஏறி 1000 துளை வரை செல்லும். தட்டு அளவைச் சொல்லும். நிறத்தையும் உருவத்தையும் அது சொல்லாது. ஆகவே ஆணி முதலாகக் குறுவல், தூள் வரை தரம் தனியே பிரிக்கப்பட்டது. நிறையோ மஞ்சாடியால் அறியப்பட்டது. விலையை நிறைக்கு நேர்விகிதத்திற் கணிக்காமல், நிறையின் வர்க்கத்தை அடியாகக் கொண்ட செவ்வு என்ற அளவையால் மதித்தனர். இருமடங்கு நிறையுள்ள ஒற்றை முத்து இருமடங்கு விலையோடு நிற்பதில்லை அன்றோ? அளவு, தரம், நிறை ஆகிய மூன்றும் நேரே அறியும் பண்புகள். செவ்வு அவற்றினின்று கணக்கிட்டுப் பெறும் பண்பு. இவ்வேறுபாட்டைக் கணினி மாணவருக்கு இன்று முதலாண்டிலே கற்பிக்கின்றார்கள். அரிப்புக் கரையிலே மணலில் அமர்ந்திருந்த வணிகர் அதனைக் கைப்பழக்கமாகக் கொண்டிருந்தார். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று இராசராசன் காலத்துக் கணக்கர் முத்தை வகுத்தெழுதினர். இவற்றுட் சில உருவத்தைக் குறிப்பன, சில ஒளியைக் குறிப்பன. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தமை இன்று அட்டவணையிடுவோருக்குச் சிறு தொல்லைதான்.

கடலுக்கடியிலுள்ள பார்களுக்கு வந்தால் செய்தி இன்னும் கனமானது. 1902ஆம் ஆண்டு ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற துணைவரோடு இலங்கைக்கு வந்து முத்துப்பார்களை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. முன்னைய ஆய்வுப் பதிவுகளைப் பார்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கி நோக்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. பெரிய பார் என்ற பாரிலே 1880ஆம் ஆண்டுக்குப் பின் பதினொரு முறைக்குக் குறையாமல் இளஞ்சிப்பிகள் வந்து படிந்தன. ஒரு முறையேனும் அவை குளிப்புக்குரிய பருவத்தை அடையவில்லை. ஒவ்வோர் ஆண்டின் அறிக்கையையும் தனித்தனியே படிப்பவருக்கு அது அவ்வாண்டின் கெடுவாய்ப்பாகவே தோன்றும். பாரைப் பொருளாகவும், பரிசோதனையை நிகழ்ச்சியாகவும் கொண்டு வரிசைப்படுத்தியவருக்கே அது பாரின் இயல்பு என்று தெரிந்தது. அங்கே பிறக்கும் சிப்பியைப் பாதுகாப்பான வேறு பாருக்குப் பெயர்த்திட வேண்டும் என்று ஹேர்ட்மன் அறிவுரை கூறினார். 1906ஆம் ஆண்டு முத்துப்பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கும்பனியிடம் விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிப்பி அற்றது, குத்தகையும் முறிந்தது. 1925ஆம் ஆண்டு ஒரு சலாபம் நடந்தது. வளைகுடாவின் எதிர்க்கரையாகிய தூத்துக்குடியிலே 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது.

இரு கரைகளின் பதிவுகளும் ஒரே கடலைப் பற்றியவை. 1976ஆம் ஆண்டு இரு நாடுகளும் வளைகுடாவில் எல்லை வகுத்தன. சிப்பிக் குஞ்சு அவ்வெல்லையை அறியாது. ஏடுகள் மட்டும் அதனை நன்கறிந்து பிரிந்து கிடக்கின்றன. பழைய பதிவுகளை இணைக்கப் புகுவோர்க்குப் பெயரே முதற்றடை. ஹேர்ட்மன் முத்துச்சிப்பிக்கு எழுதிய விலங்கியற் பெயர் இன்று வழக்கிலில்லை. பிங்ற்றாடா என்ற இனப்பெயரே இன்று வழங்குகின்றது. ஆங்கில ஏட்டிலே செவல் என்ற ஒலியில் எழுதப்பட்ட புகழ்பெற்ற பார் தமிழிலே செவ்வலா, சேவலா என்று அந்த எழுத்துக்களைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. உயிரினப் பதிவுகளுக்கென 2009ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட டார்வின் கோர் என்ற தரம் இவ்விடத்திலே கைகொடுக்கின்றது. கண்ட உயிர், கண்ட நிகழ்ச்சி, இடம், இன்ன இனமென்று அடையாளம் கண்ட செயல், இனத்தின் பெயர் ஆகிய ஐந்தும் அதில் வெவ்வேறு பொருள்கள். அடையாளம் மாறினால் பழைய பதிவை அழிக்க வேண்டுவதில்லை. புதிய அடையாளத்தைச் சேர்த்தாற் போதும். ஹேர்ட்மன் கண்ட சிப்பி கண்ட சிப்பியாகவே இருக்கும்.

இதுவரை சொன்னவை சிப்பிக்கும் கல்லுக்கும் உரியவை. மனிதருக்கு வரும்போது மாதிரியிலே விடப்படும் சிறு குறையும் பெருந்துன்பமாகலாம். முத்து நகரம் எழுந்த அதே மரிச்சுக்கட்டியும் முசலிப் பகுதியின் பிற ஊர்களும் 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது வெறுமையாயின. பலர் புத்தளத்திலே பல்லாண்டு வாழ்ந்தனர். 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் மீளத் தொடங்கினர். ஊர் என்ற கட்டமும் வசிப்பிடம் என்ற கட்டமும் ஒன்றேயாயுள்ள ஏட்டில், புத்தளத்திலே பதிந்த குடும்பம் மன்னாரிலே இல்லாத குடும்பமாகிவிடும். மன்னாரிலே பதிந்தால் உணவும் பள்ளியும் கிடைக்கவேண்டிய இடத்திலே அது இல்லாததாகும். வசிக்கின்றது என்பது ஒரு தொடர்பு. உரியது என்பது மற்றொரு தொடர்பு. இரண்டுக்கும் தனித்தனித் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒன்று முடிவதால் மற்றொன்று முடிவதில்லை. ஆளில்லாத ஆண்டுகளிலும் ஊர் ஊரே. இருபது ஆண்டுகள் காடு மூடிக்கிடந்த நிலத்தைக் காடு என்று மட்டும் எழுதிய வரைபடத்துக்கும், அதன்மேற் குடும்பங்களுக்குள்ள தொடர்பையும் எழுதிய வரைபடத்துக்கும் உள்ள வேறுபாட்டை, திரும்பி வந்தோர் நன்கறிவர்.

கரைவலைப் பாடும் இத்தகையதே. கரைவலை இழுப்பதற்கென வரையறுக்கப்பட்ட கடற்கரைப் பகுதியைப் பாடு என்பர். ஒரு பாட்டிலே சம்மாட்டிமார் பலர் முறைவைத்து வலை வளைப்பது உண்டு. நிலம் ஒன்று, உரிமையாளர் ஒருவர் என்று இரு கட்டங்களோடு வரையப்பட்ட காணிப் பதிவிலே பாட்டுக்கு இடமில்லை. கரை அரச நிலமென்று எழுதப்பட்டவுடன், முறை என்ற உரிமை கண்ணுக்கு மறைந்துவிடும். விடுதி கட்டுவோரும் பிறரும் கரையைக் கேட்கும்போது, ஏட்டிலே எதிர்ப்பார் எவருமில்லை. இதனை முறையாக வரைய வேண்டுமாயின் கரைப்பகுதி, வலை, குடும்பம், பருவம், முறை நாள் என்ற ஐந்தையும் ஒருங்கே பிணைக்கும் ஒரு தொடர்பு வேண்டும். வரைவது கடினமன்று, இருக்கின்றது என்று அறிந்தவர் வரையும் இடத்திலே அமர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. கொழும்பிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ வரும் ஆயத்த மாதிரிகளில் அது தானாக முளைக்காது.

பாட்டின் எல்லையைக் கேட்டால் முதிய சம்மாட்டி அகலாங்கும் நெட்டாங்கும் சொல்லமாட்டார். பட்டுப்போன பனையிலிருந்து பழைய குருசடி வரை என்பார். பனை விழுந்திருக்கலாம், குருசடி இடம் மாறியிருக்கலாம். டார்வின் கோர் தரத்திலே இடத்தின் ஆள்கூறுகளுக்குப் பக்கத்திலே, சொன்னவர் சொன்னபடியே எழுதுவதற்கென்று ஒரு கட்டம் விடப்பட்டுள்ளது. சிப்பிக்கும் பறவைக்கும் விட்ட அக்கட்டத்தைப் பாட்டுக்கும் விடலாம். பனையையும் குருசடியையும் அவர் வாயிற் கேட்டுத் தமிழிலேயே அதில் எழுதிக்கொண்டு, ஆள்கூற்றை அளப்பவர் பின்னர் வந்து அளந்துகொள்ளலாம்.